சாவியோடு வரும் அயலான்: நிருவாக நுழைவுகளில் ஐயம் கண்டறிதலின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

கணினி வலையமைப்புகளில் ஒருவர் யார் என்பதையும், அவருக்கு எந்த உரிமைகள் உண்டு என்பதையும் தீர்மானிக்கும் கருவிகள் இன்று மேகக் கணிமைத் தளங்களில் இயங்குகின்றன. அக்கருவிகளுக்குள் முறையற்றவர் முறையான கடவுச்சொல்லோடு நுழைவதைக் கண்டறிவது இன்றைய தகவல் பாதுகாப்புத் துறையின் முதன்மைச் சிக்கல்களுள் ஒன்று. இச்சிக்கலைத் தமிழக ஆவண நிருவாக வரலாற்றின் தொடர்ச்சியில் வைத்து இக்கட்டுரை நோக்குகிறது. உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், சோழர் செப்பேடுகள், கர்ணம் முறை, சமாபந்தி, 2018ஆம் ஆண்டின் கும்பகோணம் வங்கி நிகழ்வு, 2020 முதல் 2024 வரையிலான மேகக் கணிமை ஊடுருவல்கள் ஆகியவை சான்றுகளாகின்றன. பதிவேட்டை எழுதுபவரும் படிப்பவரும் வேறுவேறாக இருத்தல், எழுதுதலுக்கும் படித்தலுக்கும் இடையிலான காலம் குறுகியிருத்தல் ஆகிய இரண்டுமே கண்டறிதலை இயலச் செய்கின்றன என்பது கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: அடையாள மேலாண்மை, புகுபதிகை, தணிக்கை, உத்திரமேரூர், புரவுவரி, சமாபந்தி, மேகக் கணிமை

முன்னுரை

ஆரணிப் பட்டு நெசவு வட்டாரத்தைச் சேர்ந்த சேத்துப்பட்டு, மூன்றாம் கர்நாடகப் போரின்போது இருமுறை கைமாறியது. 1757இல் பிரெஞ்சுப் படை அதன் கோட்டையைக் கைப்பற்றியது. வந்தவாசிப் போருக்குப் பின் 1760இல் அயர் கூட் தலைமையிலான ஆங்கிலப் படை அதனை மீட்டது. இரு நிகழ்வுகளும் ஊரறிய நடந்தவை. பீரங்கி கொண்டு மதிலைத் தகர்ப்பவன் தன் வருகையைத் தானே அறிவித்து விடுகிறான். அவனை எதிர்க்க இயலாமற் போகலாம். ஆனால் அவன் வந்தது தெரியாமற் போவதில்லை.

வாயிலைச் சாவியால் திறந்து வருபவனின் நிலை வேறு. காவலர் அவனைத் தடுப்பதில்லை, பூட்டு உடைவதில்லை. அவன் வந்து சென்றதற்கான ஒரே தடயம், வாயிலில் யாரேனும் எழுதி வைத்த குறிப்பு மட்டுமே. அக்குறிப்பும் அவன் கைக்கு எட்டுமாயின் அத்தடயமும் இல்லை. இன்றைய கணினி ஊடுருவல்களுட் பெரும்பாதிப்பை விளைத்த சில, மதிலைத் தகர்த்தவை அல்ல, சாவியோடு வந்தவை. அவற்றைக் கண்டறியும் முறைக்கு நீண்ட முன்வரலாறு உண்டு. சோழர் காலத்தவர் கணினிப் பாதுகாப்பை முன்னறிந்தனர் என்று கூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஒரே வகை நிருவாகச் சிக்கலுக்கு வெவ்வேறு காலங்கள் கண்ட விடைகளை ஒப்புநோக்குவதே நோக்கம்.

சிக்கலின் இயல்பு

ஒரு கல்லூரியோ வங்கியோ கூட்டுறவுச் சங்கமோ மின்னஞ்சல், கோப்புகள், கணக்குகள் ஆகியவற்றை மேகக் கணிமைத் தளத்தில் வைத்திருக்கும்போது, அதன் பணியாளர் அனைவருடைய அடையாளங்களும் ஒரு மையப் பட்டியலில் அமைகின்றன. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் ‘என்ட்ரா ஐடி’ அத்தகையது. 2023ஆம் ஆண்டு வரை ‘அஸூர் ஆக்டிவ் டைரக்டரி’ என்னும் பெயரில் அது வழங்கியது. இப்பட்டியலை ஆள்வதற்கெனத் தனி வலைவாயிலும் கட்டளைநிரற் கருவிகளும் உள்ளன. புதிய பயனரைச் சேர்த்தல், கடவுச்சொல்லை மாற்றுதல், ஒருவருக்கு நிருவாகி நிலை அளித்தல், செயலிகளுக்கு உரிமை வழங்குதல் ஆகியவை இக்கருவிகளின் வழியே நிகழ்கின்றன.

சாதாரணப் பயனரின் கடவுச்சொல் திருடுபோனால் ஓர் அறை திறக்கப்படுகிறது. நிருவாகக் கருவிக்குள் அயலான் நுழைந்தால் சாவி செய்யும் பட்டறையே அவன் கைக்குப் போகிறது. அதன்பின் அவன் தனக்கெனப் புதிய சாவிகளைச் செய்துகொள்வான்; பழைய கடவுச்சொல்லை மாற்றினாலும் அவனை வெளியேற்ற இயலாது. அச்சாவிகள் முறையான பட்டறையில் முறைப்படி செய்யப்பட்டவையாதலால் அவற்றைப் போலி என்று பூட்டு அறியாது. ஆகவே கண்டறிதல் என்பது சாவியை ஆராய்வதில் நின்றுவிட முடியாது. அது பயன்பட்ட நேரம், இடம், முறை ஆகியவற்றையும் ஆராய வேண்டும்.

சோழர்கால நடைமுறை

முதற் பராந்தகனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளில் (கி.பி. 919, 921) பொறிக்கப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் குடவோலைத் தேர்தலுக்காகவே பெரிதும் பேசப்படுகின்றன. ஆயினும் அவற்றின் விதிகளுட் பல, அதிகாரம் பெற்றவரை ஐயத்தோடு நோக்கும் கட்டுப்பாட்டு விதிகள் என்பது நோக்கத்தக்கது. வாரியத்திற் பணியாற்றிக் கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் தேர்வு பெற இயலாது. அண்மையில் வாரியம் செய்தவர் மூன்றாண்டு இடைவெளியின்றி மறுபடியும் வர இயலாது. ஓலைகள் இடப்படும் குடம் சபையோர் காணும்படி எடுத்துக் காட்டப்படுகிறது. அதனுள் இருப்பது இன்னதென்று அறியாத சிறுவன் ஓலையை எடுக்கிறான். அதனை வாங்கும் மத்தியஸ்தன் ஐந்து விரல்களையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்க வேண்டும். அவன் வாசித்த பெயரை அங்குள்ள நம்பிமாரும் வாசிக்க வேண்டும். விரல்களை விரிக்கச் சொன்னதன் நோக்கம் வெளிப்படை: கைக்குள் மறைத்த வேறோர் ஓலை புகுந்துவிடக் கூடாது. ஒருவர் படித்ததைப் பிறரும் படிக்கச் செய்ததன் நோக்கமும் அத்தகையதே.

கணக்கரைப் பற்றிய விதி இன்னும் நுட்பமானது. தான் எழுதிய கணக்கைத் தானே காட்ட வேண்டும். வேறொரு கணக்கர் இடையிற் புகுந்து அதனை முடித்துவைத்தல் கூடாது. ஒவ்வோர் எழுத்துக்கும் பொறுப்பான ஒரு கை உண்டு என்பதை இவ்விதி உறுதிப்படுத்துகிறது. கணக்கு யாருடையது என்பது தெளிவாக இருந்தாலன்றிப் பிழையும் களவும் யாருடையவை என்று சொல்ல இயலாது. இன்று ஒரே நிருவாகக் கணக்கின் கடவுச்சொல்லை மூவர் நால்வர் பகிர்ந்துகொள்ளும் நிறுவனங்கள் இழப்பது இத்தெளிவையே ஆகும்.

அரசின் உயர்மட்டத்திலும் இதனையொத்த பகுப்பு இருந்தது. நாகப்பட்டினம் சூளாமணி விகாரத்திற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரை முதலாம் இராசராசன் தன் 21ஆம் ஆட்சியாண்டில் அளித்தான். அதனைக் கூறும் பெரிய லெய்டன் செப்பேடும், முதலாம் இராசேந்திரனின் திருவாலங்காட்டு, கரந்தைச் செப்பேடுகளும் அரசாணை நடைமுறைக்கு வந்த வழியை விரித்துரைக்கின்றன. அரசன் வாய்மொழியாகக் கூறியதைத் திருமந்திர ஓலை எழுதுவோன் எழுதுகிறான். திருமந்திர ஓலை நாயகங்கள் அதனை ஒப்பிடுகின்றனர். பின்னர் அது புரவுவரித் திணைக்களத்துக்குச் செல்கிறது. அங்கே வரிப்பொத்தகம், முகவெட்டி, வரியிலிடு முதலிய பெயர்களைக் கொண்ட அலுவலர் பலர் முன்னிலையில் வரிக்கணக்கில் ஏறுகிறது. ஓர் ஊரின் வரியை நீக்கும் ஆணை ஒருவன் கையால் மட்டும் நிறைவேறாதபடி நடைமுறை அமைந்திருந்தது. போலி ஆணையொன்று நுழைய வேண்டுமாயின் அது பல கைகளையும் பல பொத்தகங்களையும் ஏமாற்ற வேண்டியிருந்தது.

வழக்கத்தோடு ஒப்பிடுதல்

முத்திரையும் கையெழுத்தும் மட்டுமே அடையாளத்துக்குப் போதா என்ற உணர்வு இலக்கியத்திலும் பதிவாகியுள்ளது. சிலப்பதிகாரத்தில் மாதவி அனுப்பிய மடலைக் கோவலன் பெறுகிறான். அதன் மண் இலச்சினையில் கூந்தலால் ஒற்றிய பொறியும் அதில் தோய்ந்திருந்த நெய்யின் மணமும், அனுப்பியவள் யார் என்பதை மடலைப் பிரிக்குமுன்னரே அவனுக்கு உணர்த்துகின்றன. முத்திரைக்கு அப்பாற்பட்ட பழக்கம் ஒன்று சான்றாகிறது.

பன்னிரண்டாம் நூற்றாண்டினதான பெரியபுராணத்தில் திருவெண்ணெய்நல்லூர் அவை காட்டும் முறை இன்னும் தெளிவானது. முதியவர் கொணர்ந்த அடிமை ஓலையை அவையோர் அப்படியே ஏற்பதில்லை. பாட்டனார் எழுதியதாகக் கூறப்படும் அவ்வோலையை, அவரே எழுதிக் காப்பில் இருந்த வேறோர் ஓலையோடு ஒப்பிட்டு நோக்கிய பின்னரே தீர்ப்பு வழங்குகின்றனர். இங்குக் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒப்பிடுவதற்கு முந்தைய சான்று ஒன்று வேண்டும். அச்சான்று வழக்காடுவோர் கையில் இல்லாமல், தனிக் காப்பில் இருந்திருக்க வேண்டும். இன்று ஒரு பயனரின் கடந்தகால வழக்கத்தைப் பதிந்து வைத்து, புதிய நுழைவை அதனோடு ஒப்பிடும் மென்பொருள்கள் சார்ந்திருப்பதும் இவ்விரு தேவைகளையே.

கர்ணமும் சமாபந்தியும்

கிராம நிருவாகம் இவ்வரலாற்றின் மறுபக்கத்தைக் காட்டுகிறது. பரம்பரைக் கர்ணம் முறையில் அடங்கலையும் சிட்டாவையும் எழுதியவரும், அவற்றைத் தம் பொறுப்பில் வைத்திருந்தவரும், கேட்டவர்க்குப் படித்துச் சொன்னவரும் பெரும்பாலும் ஒருவரே. எழுத்து, காப்பு, வாசிப்பு மூன்றும் ஒரே கையில் சேர்ந்தன. அக்கை நேர்மையானதாயின் ஊருக்கு நன்மை. அன்றாயின் அதனை அறிய ஊராரிடம் வேறு ஏடில்லை. 1980இல் தமிழக அரசு அவசரச் சட்டத்தின் வழி இப்பதவிகளை ஒழித்தது. 1982இல் உச்ச நீதிமன்றம் அந்நடவடிக்கையை உறுதி செய்தது. அதன்பின் கிராம நிருவாக அலுவலர் முறை நிலைபெற்றது.

கர்ணம் முறைக்கு எதிரெடையாக வருவாய்த் துறை வைத்திருந்த கருவி சமாபந்தி. இன்று அது வருவாய்த் தீர்வாயம் எனப்படுகிறது. பசலி ஆண்டு முடியும் தறுவாயில் ஒவ்வொரு வட்டத்திலும் கிராமக் கணக்குகள் வட்டாட்சியர் அலுவலகத்துக்குக் கொணரப்படுகின்றன. அக்கணக்குகளை எழுதாத வேறோர் அதிகாரி அவற்றைச் சரிபார்க்கிறார். நில அளவைச் சங்கிலியும் ஆய்வுக்குட்படுகிறது. மக்களும் தம் மனுக்களை அங்கு அளிக்கின்றனர். சேத்துப்பட்டு உள்ளிட்ட தமிழக வட்டங்களில் இந்நடைமுறை இன்றும் தொடர்கிறது. எழுதாதவர் படிக்கிறார் என்பது இதன் வலிமை. ஆண்டுக்கு ஒருமுறையே படிக்கிறார் என்பது இதன் எல்லை. நிலமும் பயிரும் ஓராண்டு காத்திருக்கும். மின்னணுப் பணம் காத்திருப்பதில்லை.

கும்பகோணம், 2018

இந்த எல்லை எத்தகையது என்பதைத் தமிழகம் நேரிற் கண்டது 2018 பிப்ரவரியில். 1904இல் கும்பகோணம் வங்கி என்னும் பெயரில் தொடங்கப்பட்ட சிட்டி யூனியன் வங்கியின் ‘ஸ்விஃப்ட்’ பன்னாட்டுச் செய்தி அமைப்பின் வழியே மூன்று போலிப் பண அனுப்பாணைகள் வெளியே சென்றன. நியூயார்க் வழியாகத் துபாய் வங்கியொன்றுக்கு 5 இலட்சம் டாலர், ஃபிராங்க்ஃபர்ட் வழியாகத் துருக்கிக்கு 3 இலட்சம் யூரோ, நியூயார்க் வழியாகச் சீனாவுக்கு 10 இலட்சம் டாலர் என அவை அமைந்தன. பிப்ரவரி 7ஆம் நாள் கணக்கு ஒப்பீட்டின்போது அவை வங்கியின் ஆணைகள் அல்ல என்பது தெரியவந்தது. உடனடி நடவடிக்கையால் முதல் தொகை தடுக்கப்பட்டுத் திரும்பியது.

இந்நிகழ்வில் வரலாற்று மாணவர் கருத வேண்டிய செய்தி அச்சுப்பொறியைப் பற்றியது. ஒவ்வொரு ஆணையையும் தொடர்ந்து வரும் ஒப்புகைச் செய்திகள் ஓர் அச்சுப்பொறியில் தாளாக வெளிவருவது வழக்கம். பிப்ரவரி 6ஆம் நாள் அந்த அச்சுப்பொறி இயங்காதபடி செய்யப்பட்டிருந்தது என வங்கி தெரிவித்தது. 2016 பிப்ரவரியில் வங்காளதேச மைய வங்கியிலிருந்து 8.1 கோடி டாலர் களவுபோனபோதும் அச்சுப்பொறி செயலிழந்திருந்தது. ஊடுருவியோர் முதலில் அடைத்தது பணப்பெட்டிக்குச் செல்லும் வழியையன்று. எழுத்து, படிப்பவரைச் சென்றடையும் வழியை. கும்பகோணத்தில் அவர்களின் திட்டம் ஓரளவேனும் முறிந்ததற்குக் காரணம், அன்றன்றைய கணக்கை மறுநாட்காலை வேறோர் ஏட்டோடு ஒப்பிடும் பழைய வங்கி வழக்கம். ஓராண்டுச் சமாபந்தி இங்கு ஓரிரவாகச் சுருங்கியிருந்தது.

மேகக் கணிமைக் காலம்

2020 டிசம்பரில் வெளிப்பட்ட ‘சோலார்விண்ட்ஸ்’ ஊடுருவல், மென்பொருட் புதுப்பிப்பொன்றின் வழியே ஏறத்தாழ 18,000 வாடிக்கையாளர்களைச் சென்றடைந்தது. நச்சுக் கலந்த புதுப்பிப்பு அவ்வாண்டு மார்ச் முதலே பரவியது. நுழைந்தவர்கள் தேர்ந்தெடுத்த சில நிறுவனங்களில் அடையாளச் சான்றுகளில் கையொப்பமிடும் திறவுகோலைக் கவர்ந்து, யாருடைய பெயரிலும் சான்று உருவாக்கி, மேகக் கணிமைத் தளங்களுக்குள் சென்றனர். இத்தனை பெரிய நிகழ்வு வெளிப்பட்ட விதம் எளியது. ‘ஃபயர்ஐ’ என்னும் பாதுகாப்பு நிறுவனத்தின் பணியாளர் ஒருவருடைய கணக்கில், இரண்டாம் அடுக்குச் சரிபார்ப்புக்கெனப் புதிய கைப்பேசி ஒன்று சேர்க்கப்பட்டிருந்தது. பதிவேட்டில் அதனைக் கண்ட பாதுகாப்புப் பிரிவினர் அப்பணியாளரைக் கேட்டனர். அது தம்முடையதன்று என்றார் அவர். ஒன்பது மாதங்கள் பதிவேடுகளில் இருந்தவற்றைப் பொருளாக்கியது அந்த ஒரு கேள்வி.

2023 மே மாதம் நிகழ்ந்த மற்றோர் ஊடுருவலில், மைக்ரோசாஃப்டின் 2016ஆம் ஆண்டுத் திறவுகோல் ஒன்றைக் கொண்டு போலி அடையாளச் சான்றுகள் செய்யப்பட்டன. 22 நிறுவனங்களின் மின்னஞ்சல்கள் இவ்வாறு படிக்கப்பட்டன. அமெரிக்க வெளியுறவுத் துறையிலிருந்து மட்டும் ஏறத்தாழ 60,000 மின்னஞ்சல்கள் எடுக்கப்பட்டன. ஜூன் நடுவில் அத்துறையே இதனைக் கண்டறிந்தது. அஞ்சல்கள் எவ்வெப்போது எச்செயலியால் திறக்கப்பட்டன என்று கூறும் விரிவான பதிவேடு அத்துறையிடம் இருந்தது. வழக்கத்துக்கு மாறானதைச் சுட்டும் விதியொன்றையும் அவர்கள் முன்னரே எழுதி வைத்திருந்தனர். அவ்விரிவான பதிவேடு அப்போது உயர்கட்டண உரிமம் பெற்றோருக்கு மட்டுமே கிடைத்தது. பிறரைப் பொறுத்தவரை எழுத்தே இல்லை. ஆதலால் படிக்கவும் எதுவுமில்லை. இது வெளிப்பட்ட பின்னரே அந்நிறுவனம் பதிவேட்டு வசதியைப் பிற வாடிக்கையாளர்களுக்கும் விரிவாக்குவதாக அறிவித்தது.

2024 ஜனவரி 12ஆம் நாள் மைக்ரோசாஃப்ட் தன் நிறுவனத்துக்குள்ளேயே ஓர் ஊடுருவலைக் கண்டறிந்தது. முந்தைய நவம்பரில், இரண்டாம் அடுக்குச் சரிபார்ப்பு இல்லாத பழைய சோதனைக் கணக்கொன்றின் கடவுச்சொல்லை ஊகித்து அயலார் நுழைந்திருந்தனர். யாருடையது என்று சொல்ல ஆளில்லாத கணக்கே வாயிலாயிற்று என்பது உத்திரமேரூர்க் கணக்கர் விதியை நினைவூட்டுகிறது.

பதிவேட்டைப் படித்தல்

நிருவாகக் கருவிக்குள் நிகழும் ஒவ்வொரு நுழைவும் சில விவரங்களை விட்டுச் செல்கிறது: பயனர் பெயர், நேரம், இணைய முகவரி, நாடு, கருவி, பயன்பட்ட செயலி, இரண்டாம் அடுக்குச் சரிபார்ப்பின் முடிவு. இவற்றுள் ஒன்று மட்டும் தனித்து ஐயத்தை உறுதி செய்வதில்லை. வெளிநாட்டுக் கருத்தரங்குக்குச் சென்ற பேராசிரியர் அங்கிருந்து நுழைவது இயல்பே. ஆனால் நிருவாகப் பொறுப்பே இல்லாத தமிழ்த்துறை விரிவுரையாளர் ஒருவரின் கணக்கு நள்ளிரவில் கட்டளைநிரற் கருவியின் வழியே பயனர் பட்டியல் முழுவதையும் கேட்குமாயின், கடவுச்சொல் சரியாக இருந்தும் அது வினவப்பட வேண்டிய நுழைவு. தோல்வியுற்ற பல முயற்சிகளைத் தொடர்ந்த ஒரு வெற்றி, ஒரு மணி நேர இடைவெளியில் இரு கண்டங்களிலிருந்து நுழைவு, நுழைந்த சில நிமிடங்களில் புதிய நிருவாகியைச் சேர்த்தல், புதிய சரிபார்ப்புக் கருவியைப் பதிதல் ஆகியவையும் அத்தகையனவே.

இங்கு உயர்கல்வி நிறுவனங்களை நேரடியாகத் தொடும் ஒரு முரண் உண்டு. இந்தியக் கணினி அவசரநிலைக் குழுவான ‘செர்ட்-இன்’ 2022 ஏப்ரல் 28ஆம் நாள் பிறப்பித்த நெறிமுறைகள், பதிவேடுகளை 180 நாள்கள் காக்கவும், ஊடுருவலை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும் கோருகின்றன. என்ட்ரா ஐடியின் கட்டணமில்லாப் பதிப்போ புகுபதிகைப் பதிவேட்டை 7 நாள்களே வைத்திருக்கிறது. கட்டணப் பதிப்பு 30 நாள்கள் வைத்திருக்கிறது. பதிவேட்டைத் தனியே எடுத்து வேறிடத்திற் சேமிக்காத நிறுவனத்தில் எட்டாம் நாள் சான்று தானாகவே அழிகிறது. அயலான் அச்சுப்பொறியை நிறுத்த வேண்டிய தேவைகூட அங்கில்லை. கரையான் ஓலைச்சுவடியை அரித்ததற்கு வருந்தும் ஆய்வுலகம், தன் நிறுவனத்தின் இச்சுவடி வாரந்தோறும் மறைவதை அறிந்திருத்தல் வேண்டும். மாணவர் மதிப்பெண்கள், ஆய்வேடுகள், இதழுக்கு வந்த கட்டுரைகளின் மதிப்பீட்டு அறிக்கைகள் அனைத்தும் இவ்வாயிலுக்குப் பின்னேதான் உள்ளன.

செய்ய வேண்டியவை பெருஞ்செலவினவும் அல்ல. நிருவாகி ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு. அதனை அன்றாட மின்னஞ்சலுக்குப் பயன்படுத்தாமை. எல்லா நிருவாகக் கணக்குகளுக்கும் இரண்டாம் அடுக்குச் சரிபார்ப்பு. பணி விட்டுச் சென்றவரின் கணக்கை அன்றே முடித்தல். பதிவேட்டின் படியை நிருவாகி தாமே அழிக்க இயலாத இடத்தில் வைத்தல். நிருவாகி அல்லாத ஒருவர் வாரம் ஒருமுறையேனும் அதனைப் படித்தல். இவற்றுட் கடைசியானதே மிகவும் கைவிடப்படுவது.

முடிவுரை

மேற்கண்ட சான்றுகளிலிருந்து மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவது, முறையான சாவியோடு வரும் அயலானைப் பூட்டு தானாகவே கண்டறிவதில்லை. முந்தைய வழக்கத்தைக் காட்டும் பதிவேடே அவனை வேறுபடுத்துகிறது. இரண்டாவது, எழுதுபவர் கையிலேயே காப்பும் வாசிப்பும் சேரும்போது பதிவேடு சான்றாகும் தகுதியை இழக்கிறது. சோழர் ஓலை நடைமுறையும் சமாபந்தியும் இம்மூன்றையும் பிரித்தன, கர்ணம் முறை சேர்த்தது. மூன்றாவது, எழுத்துக்கும் வாசிப்புக்கும் இடைப்பட்ட காலமே அயலானுக்குக் கிடைக்கும் காலம். அது கும்பகோணத்தில் ஓரிரவு. வெளியுறவுத் துறையில் ஒரு மாதம். சோலார்விண்ட்ஸ் நிகழ்வில் ஒன்பது மாதம்.

கருவிகள் இக்காலத்தைக் குறைக்க உதவும். ஆயினும் ‘இந்தக் கைப்பேசி உங்களுடையதா?’ என்று கேட்க ஒருவர் இருந்தாலன்றி அக்கருவிகள் தந்த எச்சரிக்கையும் படிக்கப்படாத மற்றோர் ஏடாகவே கிடக்கும். ஓலையை வாங்கும் கையின் விரல்கள் விரிந்திருக்கின்றனவா என்று சபை பார்த்துக்கொண்டிருந்தது. அவ்விதி பயன் தந்தது அதனைக் கல்லிற் பொறித்ததனால் மட்டுமன்று. பார்ப்பவர் இருந்தமையாலும் ஆகும்.